மிளா இறங்கும் விளையில் எந்த ஊடுபயிர்?

பழைய ரப்பரை வெட்டி விற்றுவிட்டுப் புதுக்கன்று நட்டவருக்கு முதல் மூன்று ஆண்டுகள் வெயில் மிச்சமாகக் கிடைக்கிறது. கன்றுகளின் கொப்புகள் ஒன்றோடொன்று கூடி நிழல் கட்டும்வரை வரிசைகளுக்கு நடுவே எதையாவது விளைவிக்கலாம். பால்வெட்டுக்கு ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய குடும்பத்துக்கு அந்த இடைக்கால வருமானம் சிறியதல்ல. கீரிப்பாறை, தடிக்காரன்கோணம், பேச்சிப்பாறை, கோதையாறு என மலையடிவாரமாக நீளும் ஊர்களில் இதே கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் 2008-இல் அறிவிக்கப்பட்டது; ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் காட்டின் விளிம்பிலேயே பல விளைகளின் (தோட்டங்களின்) கையாலை, அதாவது எல்லைச் சுவர், முடிகிறது. கையாலைக்கு அப்பால் இருக்கும் மிளாவுக்கு, அதாவது கடமானுக்கு, நாம் நடும் பயிர் எவ்வளவு பிடிக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்காமல் ஊடுபயிரைத் தீர்மானித்தால், நட்டது ஒருவர், மேய்ந்தது வேறொருவர் என்று ஆகிவிடும். எங்கள் விளையில் முதல் மறுநடவின்போது எனக்கு அதுதான் நடந்தது.

ஒப்பிடத் தொடங்கும் முன் சேதம் யாருடையது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லாப் பழியையும் பன்றியின் தலையில் போடும் பழக்கம் இருக்கிறது. பன்றி மண்ணைக் கிளறும். மூக்கால் உழுத தடம் காலையில் கண்ணுக்குத் தப்பாது. முள்ளம்பன்றி தண்டின் அடியைப் பற்களால் கொறித்து, சீவல் சீவலாக விட்டுப்போகும். முயல் கடித்த குருத்து, கத்தியால் சாய்வாக அறுத்ததுபோல் இருக்கும். மான் இனத்துக்கு மேல் தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப் பற்களுக்கும் மேலீறுக்கும் நடுவே இலையைப் பிடித்து இழுத்துப் பிய்ப்பதால், கடிபட்ட நுனி நார் நாராகத் தொங்கும். விடியற்காலையில் பயற்றங்கொடியின் ஒரு நுனியை விரலில் எடுத்துப் பார்த்தால் போதும்: பிசிறு இருந்தால் மிளா அல்லது கேளையாடு என்னும் சிறுமான், வெட்டு இருந்தால் முயல். மிளாவா கேளையாடா என்பதை உயரம் சொல்லிவிடும். கேளையாடு இடுப்பளவுக்கு மேல் எட்டாது. நன்கு வளர்ந்த ஆண் மிளாவின் தோளே நான்கடிக்கு மேல் நிற்கும். கழுத்தை நீட்டினால் ஆளுயரத்துக்கு எட்டிப் பறித்துவிடும்.

மான் எதை விரும்பித் தின்னும் என்பதை மிகுந்த செலவில், மிகுந்த பொறுமையோடு ஆராய்ந்தவர்கள் அமெரிக்க வேட்டைக்காரர்கள். அங்கே வெள்ளைவால் மானை உரிமம் பெற்று வேட்டையாடலாம் என்பதால், சொந்த நிலத்தில் மானை வரவழைக்கவென்றே சிறு வயல்களை விதைக்கிறார்கள். வெள்ளைக் குளோவர், சோயா, தட்டைப்பயறு, அவரை, ஓட்ஸ், குளிர்காலக் கோதுமை, சிக்கரி, டர்னிப், முள்ளங்கி, மக்காச்சோளம் ஆகியவை அந்த வயல்களில் வழக்கமாக இடம்பெறுகின்றன. நாம் பந்தலில் ஏற்றிக் குழம்பில் போடும் அவரையின் விதை அங்கே மான் தீவனமாக மூட்டையில் விற்கிறது என்பதை முதன்முதலில் அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு என் விளையில் போன பயிர் எதுவென்று நினைவுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர்களுடைய அனுபவத்தில் நமக்குப் பயன்படுவது பயிர்ப் பெயர்களின் வரிசை அல்ல; அந்த விருப்பத்தின் பின்னால் இருக்கும் காரணம். கொம்பு வளரும் காலத்திலும் குட்டிக்குப் பால் கொடுக்கும் காலத்திலும் மானுக்குப் புரதம் மிகுந்த இளம் இலை வேண்டும். உணவில் ஏறத்தாழ 16 சதவீதம் புரதம் இருந்தால் நல்லது என்பது அங்கே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பயறு, குளோவர் போன்ற அவரைக் குடும்பத்துச் செடிகளின் இளந்தழை உலர் எடையில் 20 சதவீதத்தைச் சுற்றியோ அதற்கு மேலோ புரதம் தருகிறது. கோடையில் முற்றிக் காய்ந்த புல்லிலோ அது 7 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அந்த அளவுக்குக் கீழே போனால் அசைபோடும் விலங்கின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்களே சரியாக வேலை செய்வதில்லை. டர்னிப்பின் கதை வேறு. உறைபனி விழுந்தபின் அதன் இலையில் இனிப்பு கூடுகிறது. அதுவரை திரும்பிப் பார்க்காத மான் அதற்குப் பிறகு விழுந்து விழுந்து தின்கிறது. பயிர் அதேதான், மானும் அதேதான்; மாறியது மாதம் மட்டுமே. எனவே மானின் விருப்பம் என்பது பயிரின் பெயரைப் பொறுத்ததைவிடப் பயிரின் வயதையும் பருவத்தையும் பொறுத்தது. குமரியில் உறைபனி இல்லை. ஆனால் நமக்கும் ஒரு பஞ்சகாலம் இருக்கிறது. துலாமழையின் (வடகிழக்குப் பருவமழையின்) ஈரம் வற்றி, மாசி முதல் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடிக்கும்வரை காட்டில் பசுமை குறைகிறது, ஓடைகள் ஒடுங்குகின்றன. அந்த நாட்களில்தான் மிளா தண்ணீரையும் தளிரையும் தேடிக் கீழே இறங்குகிறது. ஊடுபயிரின் இளம் பருவம் அந்த நான்கு மாதங்களில் விழுகிறதா, விழாமல் தப்புகிறதா என்பதே நாம் போட வேண்டிய முதல் கணக்கு.

இந்தக் கணக்கில் எல்லாவற்றையும்விட மோசமாகத் தோற்பது பயறு. மண்ணுக்குத் தழைச்சத்து தரும், இரண்டு இரண்டரை மாதத்தில் காய் பறிக்கலாம், சந்தையில் எப்போதும் விலை உண்டு என்று பயற்றுக்குச் சொல்லப்படும் நன்மைகள் எல்லாம் உண்மையே. ஆனால் அதன் ஆயுள் முழுவதுமே இளம் பருவம்தான். மிளாவின் நாக்குக்கு அது சலிக்கும் நாள் என்று ஒன்று வருவதில்லை. முதல் மறுநடவில் காட்டோரம் இருந்த பதினைந்து சென்டில் நான் பயறுதான் போட்டேன். முளைத்து மூன்றாம் வாரம் செடி வளரவில்லையே என்று உரத்தைக் குறை சொன்னேன், விதையைக் குறை சொன்னேன். பிறகு அமெரிக்கர்கள் தங்கள் பாத்திகளில் செய்யும் ஒரு எளிய சோதனையைச் செய்து பார்த்தேன். மூன்றடி விட்டத்தில் நான்கடி உயரக் கம்பிவலையை வளையமாகச் சுருட்டி, மூன்று குச்சி அடித்து, பயற்றின் நடுவே நிறுத்தினேன். இன்னும் மூன்று வாரம் கழித்து வளையத்துக்குள் செடி முழங்காலைத் தாண்டிக் கொடி வீசி, ஊதாப் பூ விட்டிருந்தது; வளையத்துக்கு வெளியே நான்கு விரல் உயரத்தில் இலையற்ற தண்டுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் அந்த நார்ப் பிசிறு. விதையிலும் உரத்திலும் குறையே இல்லை என்பதை அந்த ஒரு வளையம் சொல்லிவிட்டது. சிறிய பாத்தியில் போட்ட பயறு தலையெடுக்கும் முன்பே மேயப்பட்டு அழிந்துபோகும் என்பது அங்கும் பழகிப்போன புகார்தான். ஏக்கர் கணக்கில் விதைத்தால் மான் தின்று மீதி தப்பும், நம்முடைய ஐம்பது சென்டில் மீதி என்று எதுவும் இருக்காது. ஆகவே பயறும் அவரையும் வேண்டுமானால் வீட்டை ஒட்டிய பக்கத்தில், நாயும் விளக்கும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் மட்டும் போட வேண்டும்.

வாழையைப் பற்றி இவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வாழைக்கன்றின் குருத்தை மிளா விரும்புகிறது. இரண்டடி உயரக் கன்றின் சுருண்ட குருத்தை ஒரே இழுப்பில் உருவிவிடும். ஆயினும் வாழை வளர்ந்துகொண்டே போகிறது. நட்ட நான்கைந்து மாதத்தில் அதன் இலை மிளாவின் வாய்க்கு மேலே போய்விடுகிறது. அதன்பின் அடிக்கன்றுகளைத்தான் மேய முடியும், அவற்றை நாமே வெட்டி எறிவது வழக்கம். ஆபத்துக் காலம் இவ்வாறு குறுகியதாகவும் முன்கூட்டியே தெரிந்ததாகவும் இருப்பதால், நடவு நாளை நகர்த்தியே அதைத் தவிர்க்கலாம். ஏத்தன் (நேந்திரன்) வாழையின் குலை வெட்டுவதற்குப் பத்து, பதினொரு மாதம் ஆகும். ஓணச்சந்தையை நோக்கிப் புரட்டாசி, ஐப்பசியில் நட்டால் கன்றின் இளம் பருவம் துலாமழையிலும் அதை அடுத்த மாதங்களிலும் கழிகிறது. காடு பச்சையாக இருப்பதால் மிளா கீழே இறங்குவது குறைவு. மாசி பிறக்கும்போது வாழை தலைக்கு மேல் நிற்கும். இதே ஏத்தனைப் பங்குனியில் நட்டவர், பசித்த மிளாவின் வாயிலேயே குருத்தை நீட்டுகிறார். விலைக்காக நாம் ஏற்கெனவே கடைப்பிடிக்கும் நாட்காட்டியும் மிளாவின் நாட்காட்டியும் இங்கே ஒத்துப்போவது நல்ல வாய்ப்பு. மட்டி, செவ்வாழை, பாளையங்கோடன் ஆகியவற்றுக்கும் அடிப்படை இதுதான். செவ்வாழை அதிக மாதங்கள் எடுப்பதால் இரண்டாம் கோடையில் அடிக்கன்றுகளைக் கவனித்து நீக்க வேண்டியிருக்கும். காற்றில் சாய்வது, யானை வருவது ஆகிய இரண்டும் வாழையின் உண்மையான பலவீனங்கள். யானைத் தடம் உள்ள பகுதியில் இருப்பவருக்கு நான் இங்கே எழுதும் எதுவும் பொருந்தாது. அவர் வாழையை மறந்துவிட வேண்டும்.

மரச்சீனியின் (மரவள்ளியின்) இலையில் சயனைடு விடுவிக்கும் பொருள் இருக்கிறது. ரப்பர் இலையிலும் அதே பொருள் உண்டு. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். மரச்சீனித் தழையை வயிறு நிறையத் தின்ற ஆடு வாயில் நுரை தள்ளிச் சாவதைப் பார்த்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. வாட வைத்துக் கொடுத்தால் நஞ்சு தணியும் என்பதும் நாம் அறிந்ததே. இதனால் மிளா மரச்சீனியைத் தொடாது என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். என் விளையில் கண்டது அப்படி இல்லை: நுனித்தளிரை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிள்ளும், ஒரே செடியில் நின்று மேயாது. அந்தச் சேதத்தை மரச்சீனி தாங்கிக்கொண்டு பக்கக் கிளை விடும். மிளா மட்டும்தான் கவலை என்றால் மரச்சீனி தேர்ச்சி பெற்றுவிடும். ஆனால் கிழங்கு திரண்டபின் பன்றி வரும், ஒரே இரவில் வரிசை வரிசையாகப் புரட்டிப் போடும். அதோடு பொட்டாசியத்தை மண்ணிலிருந்து அதிகம் எடுக்கும் பயிரை இளம் ரப்பரின் வேருக்குப் பக்கத்தில் நடுவது எனக்கு உடன்பாடில்லை. காட்டோரத்தில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மஞ்சளும் இஞ்சியும் இந்த ஒப்பீட்டில் அதிகம் பேசப்படாத வெற்றியாளர்கள். காரமும் வாசனை எண்ணெயும் நிறைந்த இலைகளை மான் இனம் பொதுவாக ஒதுக்குகிறது. அதைவிட முக்கியம் அவற்றின் நாட்காட்டி: வைகாசியை ஒட்டி நட்டால் இடவப்பாதி மழையில் வளர்ந்து, தை மாதத்தில் இலை காய்ந்து, மாசிக்குள் அறுவடை முடிந்துவிடும். மிளா இறங்கத் தொடங்கும் நேரத்தில் விளையில் பச்சை என்று சொல்ல எதுவும் இல்லை. இரண்டில் எது என்று கேட்டால், இஞ்சிக்கு விலை ஏறும் ஆண்டில் மஞ்சள் நட்டவருக்கு வயிறு எரியும். ஆனால் நம்முடைய கனமழையில் நீர் தேங்கினால் இஞ்சிக்கு அழுகல் நோய் வந்து பாத்தி முழுவதும் போய்விடும். சரிவான, நீர் வடியும் நிலமாக இருந்தால் இஞ்சி, சமதளமாக இருந்தால் மஞ்சள் என்பது என் முடிவு. இரண்டும் சிறிது நிழலையும் தாங்கும் என்பதால் மூன்றாம் ஆண்டிலும் கைகொடுக்கும். அன்னாசியும் பல ரப்பர் விளைகளில் ஊடுபயிராக இருக்கிறது; முள் ஓரமுள்ள அதன் இலை மிளாவைப் பெரிதாக ஈர்ப்பதில்லை என்றாலும், பழுக்கும் வாசனை வேறு விலங்குகளை அழைக்கும்.

ஊடுபயிரில் வருமானமே வேண்டாம், மண் அரிக்காமல் இருந்தால் போதும் என்பவருக்கு மூடுபயிர் இருக்கிறது. அங்கேயும் தேர்வு எளிதல்ல. பியூரேரியா நெடுங்காலமாக ரப்பர்த் தோட்டங்களில் பழகிய கொடி. தழைச்சத்து தரும், விதைத்தால் முளைக்கும், ஆனால் மாடு விரும்பித் தின்னும் தழை அது. மாடு விரும்பும் அவரைக் குடும்பத்துக் கொடியை மிளாவும் விரும்பும் என்று கொள்வதே பாதுகாப்பு. வடகிழக்கு இந்தியாவிலிருந்து நம் தோட்டங்களுக்கு வந்த மியூக்குனா பிராக்டியேட்டா என்ற கொடியை மாடு ஒதுக்குகிறது. கோடையையும் நிழலையும் தாங்கிப் பச்சையாகவே நிற்கிறது. பயறு இனத்தின் நன்மையைக் கொடுத்துக்கொண்டே மேயும் வாய்க்குப் பிடிக்காமல் இருப்பது இதன் சிறப்பு. இதற்குக் கொடுக்க வேண்டிய விலை, வேலை. மழைக்காலத்தில் இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டால் கன்றின் மேல் ஏறிச் சுற்றி, நுனியை வளைத்துவிடும். ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் வட்டமாக அறுத்துவிட ஆள் வேண்டும். கூலிக்கு ஆள் கிடைக்காத விளையில் இதை நடுவது பெரிய தவறு. கம்பு நேப்பியர் போன்ற தீவனப்புல், மாடு வளர்ப்பவர்கள் தொழுவத்துக்குப் பக்கத்தில் நட வேண்டியது. காட்டோரத்தில் அதற்கு இடமில்லை.

இனி அடிக்கடி கேட்கப்படும் ஒரு யோசனை: காட்டோரத்தில் மிளாவுக்கென்றே ஒரு பாத்தி பயறு போட்டுவிட்டால், அது அங்கேயே வயிறு நிறைத்துத் திரும்பிப் போய்விடாதா? அமெரிக்க முறையை அப்படியே இங்கே பெயர்த்து நடும் இந்த யோசனையை நான் ஏற்கவில்லை. அங்கே பாத்தியின் நோக்கமே மானை வரவழைத்துச் சுடுவது. இங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. நமக்கு வேண்டியது மிளா வராமல் இருப்பது. ஒரு பாத்தி பயற்றில் ஒரு மிளாவின் ஒரு வாரப் பசிகூட அடங்காது. ஆனால் இங்கே நல்ல தழை கிடைக்கும் என்ற பாடத்தை அது கற்றுக்கொள்ளும். மறுவாரம் குட்டியோடு வரும். மிளா பழகிய இடத்துக்கு அதைத் தேடி வரும் செந்நாயும் புலியும் பழகும் என்பதை மலையடிவாரத்தில் இருப்பவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை முதல் ஆனி வரை மரத்தடியில் விழுந்து நாறும் சக்கைப்பழமும் (பலாப்பழமும்) இதே வேலையைத்தான் செய்கிறது. அதைப் பொறுக்கி அகற்றுவது செலவில்லாத முதல் பாதுகாப்பு.

வேலியைப் பற்றி இரண்டு வரி போதும். மிளாவைத் தடுக்க எட்டடி உயரம் வேண்டும். அந்தச் செலவை மூன்றாண்டு ஊடுபயிர் திருப்பித் தராது. தமிழ்நாட்டில் 2023-இல் வந்த விதிகளின்படி மின்வேலியைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவது குற்றம், அதில் மிளாவுக்கு முன்னால் பக்கத்து விளைக்காரர் சாகக்கூடும்.

எந்த ஊடுபயிரைத் தேர்ந்தெடுத்தாலும் ரப்பர்க் கன்றுக்கும் ஒரு காவல் தேவைப்படுகிறது. ஆண் மிளா கொம்பின் மேல் உள்ள மென்தோலை உரிக்க இளமரங்களில் தேய்க்கும்; கட்டைவிரல் பருமனுள்ள கன்று அதில் பட்டை உரிந்தோ ஒடிந்தோ போகும். இதற்குப் பயிர்த்தேர்வால் தீர்வு இல்லை. காட்டோர வரிசையில் மட்டும் கன்றைச் சுற்றி மூன்று மூங்கில் குச்சிகளை ஊன்றிக் கட்டினால் கொம்பு புகாது. ஐம்பது சென்டுக்கு இது ஒரு நாள் வேலை.

இரண்டாம் மறுநடவில் நான் செய்திருப்பது இது. கையாலையை ஒட்டி முதல் நான்கு இடைவரிசைகளில் மஞ்சள். அது அறுவடையாகும் மாசியில் அங்கே வெறும் மண்தான் இருக்கும். அதற்கு உள்ளே, விளையின் நடுப்பகுதியில், ஐப்பசி முதல் வாரத்தில் நட்ட ஏத்தன். வீட்டுப் பின்புறத்தில், அடுக்களைக் கழிவுநீர் பாயும் இடத்தில், நான்கு பாத்தி பயறு. மியூக்குனாவைச் சரிவு மிகுந்த மேல்மூலையில் மட்டும் விட்டிருக்கிறேன், ஏனெனில் அதை அறுத்துவிட எனக்கு வாரத்தில் ஒரு காலைப்பொழுதுதான் கிடைக்கிறது. பழைய கம்பிவளையம் இப்போது வாழைக்கு நடுவே இரண்டு கன்றுகளைச் சுற்றி நிற்கிறது. கார்த்திகை முடியும்வரை வளையத்துக்கு உள்ளே இருந்த குருத்துக்கும் வெளியே இருந்த குருத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை. மார்கழியில் காட்டோரமாக நின்ற மூன்று கன்றுகளில் மட்டும் பிசிறு கண்டேன். அவற்றின் புதுக்குருத்து இப்போது என் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது.